ஆமைக்கும் முதலைக்கும் வம்சம் பார்க்கும்போது முடிவு இடித்தால்: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

பழைய வடஆற்காடு இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. ஆனால் ஊர்வனவற்றைப் பராமரிப்பவர்களின் கவலை ஒன்றுதான். ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி உயிரியல் பூங்காவாகட்டும், தென்பெண்ணையில் சாத்தனூர் அணையை ஒட்டிய முதலைப் பண்ணையாகட்டும், கடத்தலில் பிடிபட்ட நட்சத்திர ஆமைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மீட்பு மையமாகட்டும், இந்தப் பிராணி யாருடைய வாரிசு, எந்தக் காட்டைச் சேர்ந்தது என்ற கேள்வி எங்கும் ஒரு நாள் வந்தே தீரும். அந்தக் கேள்விக்காக ரத்தம் எடுத்து, டிஎன்ஏ பார்த்து, வந்த முடிவு பதிவேட்டோடு முட்டிக்கொண்டு நிற்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் கீப்பர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இது எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்குக் காலாபகோஸ் எஸ்பனோலா தீவின் கதையைச் சொல்வேன். அந்தத் தீவின் ராட்சத ஆமைகளில் மிஞ்சியவை 12 பெண், 3 ஆண். மூன்று ஆண்களில் ஒன்று அமெரிக்காவின் சான் டியேகோ உயிரியல் பூங்காவிலிருந்து திரும்ப அழைத்துவரப்பட்ட டியேகோ. இந்தப் பதினைந்திலிருந்து ஏறக்குறைய 2,000 ஆமைகள் பெருகின. பிற்பாடு டிஎன்ஏ பார்த்தபோது, வாரிசுகளில் சுமார் 40 சதவீதம் டியேகோவுடையது, மற்ற பெரும்பகுதி இன்னோர் ஆணுடையது, மூன்றாவதன் பங்கு ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று தந்தையர். உள்ளே இரண்டு பேர்தான். நம் தொட்டிகளிலும் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கும். பார்க்காதவரை தெரியாது.

இந்தியாவில் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது 1975-இல். பல நீர்நிலைகளிலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தார்கள். அன்றைக்கு அவசரம் உயிரைக் காப்பாற்றுவது, குடும்ப அட்டவணை எழுதுவதில்லை. அதனால் இன்று பல பதிவேடுகளில் தாய், தந்தை என்ற கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அந்தக் கட்டங்களைத்தான் இப்போது நிரப்பப் பார்க்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழப்பமான முடிவு வந்தால் எல்லாரும் முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்படுகிறார்கள், பிறகு பிராணியை. நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் இரண்டுக்கும் முன்னாலேயே, ரத்தக் குழாயிலும் ஒட்டிய சீட்டிலும் பதிவேட்டு வரியிலும் இருக்கிறது. ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் அங்கிருந்தே தேடுங்கள்.

ஜெல்லில் பட்டையே வரவில்லை

பிசிஆர் வினையில் பெருக்கிய டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டினால் ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், ரத்தம் எடுத்த குழாயின் மூடி என்ன நிறம்? பச்சை, அதாவது ஹெப்பரின் குழாய் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆமையின் ரத்த அணுக்கள் ஈடிடிஏ (ஊதா மூடிக் குழாயில் இருக்கும் உறைதடுப்பு மருந்து) பட்டால் உடைந்துவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு ஹெப்பரின் குழாயைத்தான் மருத்துவர்கள் எடுப்பார்கள். அணுக்களை எண்ணுவதற்கு அது சரியான பழக்கம். ஆனால் ஹெப்பரின் பிசிஆரை முடக்கிவிடும். டிஎன்ஏவுக்கு அணு உடைந்தால் நமக்கு நஷ்டமில்லை, எப்படியும் உடைக்கத்தான் போகிறோம். எனவே ஊசியை உருவும்போதே ஹெப்பரின் குழாயில் விடும் முன் ஒரு சொட்டு ரத்தத்தைத் தனியாக ஊதா மூடிக் குழாயிலோ சுத்தமான எத்தனாலிலோ விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஹெப்பரினில்தான் இருக்கிறது என்றால் பிரித்தெடுத்த டிஎன்ஏவை ஹெப்பரினேஸ் கொண்டு சுத்திகரித்துப் பார்க்கலாம். பிராணி கையில் இருக்கிறதென்றால் மறுபடி எடுப்பதே மேல்.

மூடி ஊதாதான், ஆனாலும் பட்டை இல்லையா? அடுத்த சந்தேகம், டிஎன்ஏ குறைவு என்பதில்லை, மிக அதிகம் என்பது. மனித ரத்தத்தில் பழகிய கைகள் இங்கேதான் தடுமாறும். மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, வெள்ளையணுவிலிருந்துதான் டிஎன்ஏ எடுக்க வேண்டும். ஆமை, முதலை, பாம்பு, பல்லி எல்லாவற்றின் சிவப்பணுவிலும் உட்கரு உண்டு. ஒரே அளவு ரத்தத்தில் பல மடங்கு டிஎன்ஏ இருக்கும். பாலூட்டி ரத்தத்துக்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர் கேட்கும் கிட், உட்கரு உள்ள ரத்தத்துக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் போதும் என்று தன் கையேட்டிலேயே சொல்லியிருக்கும். அதைப் படிக்காமல் மனித ரத்தத்தின் அளவைப் போட்டால் கரைசல் கோந்து மாதிரி திரண்டு, வடிகுழாய் அடைபட்டு, கூடவே ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமும் இறங்கி வினையைக் கெடுக்கும். தீர்வு எளிது. பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கும் ஐம்பது மடங்கும் நீர்த்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். வினையில் பிஎஸ்ஏ என்னும் புரதம் கொஞ்சம் சேர்த்தும் பாருங்கள். நீர்த்த குழாயில் மட்டும் பட்டை தெரிந்தால் உங்கள் டிஎன்ஏ நன்றாக இருக்கிறது, இடைஞ்சல்தான் அதிகம் என்று பொருள்.

வேலூரில் மனித மரபணுச் சோதனைக்கு நல்ல வசதியும் தேர்ந்த கைகளும் உண்டு. அங்கே உதவி கேட்டுப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது துண்டுச் சீட்டில் எழுதி மாதிரியோடு கொடுத்துவிட்டால் ஒரு வார வேலை மிச்சம்.

இரண்டும் இல்லையென்றால் பிரைமர், அதாவது பெருக்க வேண்டிய இடத்தில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு. வேறு இனத்துக்காக உருவாக்கிய மைக்ரோசாட்டிலைட் (ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வந்து, பிராணிக்குப் பிராணி நீளம் மாறும் டிஎன்ஏ இடம்) பிரைமர்கள்தான் நமக்குப் பெரும்பாலும் கிடைக்கின்றன. உவர்நீர் முதலைக்குச் செய்தவற்றில் பல மக்கர் முதலையிலும் (நம் ஆறு, ஏரிகளின் நன்னீர் முதலை) ஓடும், சில ஓடாது. ஒட்டும் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி இறக்கிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போங்கள், பிடிவாதம் வேண்டாம்.

டிஎன்ஏ துண்டு துண்டாக, பரவலாகத் தெரிகிறது

ஜெல்லில் கோடாக நிற்க வேண்டியது புகைபோல் கீழ்வரை இழுத்திருந்தால் மாதிரி வழியில் வெந்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் கூரியர் வண்டிக்குள் பனிக்கட்டிப் பை எத்தனை மணி நேரம் தாங்கும்? கேடு என்னவென்றால் மக்கர் முதலை இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் இதே கோடையில்தான். மாதிரி அதிகம் சேரும் காலமும் அதிகம் கெடும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

அதனால் குளிர்ச்சியை நம்பும் முறையை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. எத்தனாலை நம்புங்கள். 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமான எத்தனால், ரத்தமோ திசுவோ ஒரு பங்கு என்றால் எத்தனால் பத்துப் பங்கு. முதல் நாள் கழித்துப் பழைய எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினால் திசுவிலிருந்து கசிந்த நீர் போய்விடும். கடையில் கிடைக்கும் கலப்பட ஸ்பிரிட் வேண்டாம். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். முட்டைக்குள்ளேயே இறந்த கரு அருமையான மாதிரி, தாய் தந்தை இருவரையும் காட்டும். அதைப் பாடம் செய்வதற்காக ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ புரதத்தோடு இறுகிப் போய்விடும். பாடத்துக்கு வைப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு சிறு துண்டு எத்தனாலுக்குப் போகட்டும்.

எத்தனாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குழாயின் வெளியே மார்க்கரில் எழுதிய எண்ணைக் கரைத்துவிடும். ஒரு சொட்டு கசிந்தால் பெட்டி முழுக்க எண் இல்லாத குழாய்கள். பென்சிலால் எழுதிய காகிதத் துண்டைக் குழாய்க்கு உள்ளே போடுங்கள். பென்சில் எழுத்து எத்தனாலில் அழியாது.

வரிசை கோழி என்கிறது, அல்லது மனிதன் என்கிறது

இனம் அறியப் பார்க்கும் சைட்டோகுரோம் பி என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் வரிசையைப் பிளாஸ்ட் என்ற இணைய ஒப்பீட்டுத் தேடலில் போட்டால் கோழியோ மாடோ பொருந்துகிறதென்றால் அன்று காலை முதலை என்ன தின்றது என்று கீப்பரிடம் கேளுங்கள். வாய்க்குள் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த மாதிரியில் தீனியும் ஒட்டிவரும். மனிதன் என்று வந்தால் கையுறை. ஆமைக்கு வாய் மாதிரி நல்ல வழிதான், தீனிக்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். முதலைக்கு வால் செதிளின் நுனியே சிறந்தது. அடையாளத்துக்காகச் செதிள் வெட்டும்போது கீழே விழும் துண்டை யாரும் எறிய வேண்டாம்.

ஒரே வரிசையில் இரண்டு உச்சிகள் தெரிகின்றன

உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாய்வழியாக ஒன்றாகவே வருவது. அதில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் தெரிந்தால் இரண்டு பிராணிகளின் மாதிரி கலந்திருக்கலாம். இல்லையென்றால் பண்டைக் காலத்தில் உட்கருவுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட மைட்டோகாண்ட்ரியப் பிரதி ஒன்று சேர்ந்து படிக்கப்படுகிறது. ஊர்வன ரத்தத்தில் உட்கரு டிஎன்ஏ நிறைந்திருப்பதால் இந்தப் பொய்ப்பிரதி தலைகாட்டும் வாய்ப்பும் கூடுதல். அதே பிராணியின் செதிள் அல்லது தசைத் துண்டிலிருந்து மறுபடி எடுத்துப் பாருங்கள். வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்தும் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது வேலை செய்யும் மரபணு இல்லை, தூக்கிப் போடுங்கள்.

குஞ்சு பதிவேட்டில் உள்ள தாயோடு பொருந்தவில்லை

இதுதான் அடிக்கடி வருவது, இதில்தான் தவறான முடிவுகளும் அதிகம் எழுதப்படுகின்றன. நிதானமாகப் பார்ப்போம்.

விதி எளிது. ஒவ்வொரு மரபணு இடத்திலும் குஞ்சின் இரண்டு அல்லீல்களில் (அந்த இடத்தின் இரண்டு பிரதிகள், அவற்றின் நீளத்தையே எண்ணாக எழுதுகிறோம்) ஒன்று தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். உதாரணத்துக்குத் தாய் 148/156, குஞ்சு 152/160 என்றால் இரண்டும் தாயிடம் இல்லை, அந்த இடத்தில் அது தாயாக முடியாது. இப்படி மூன்று நான்கு இடங்களில் வந்தால் உறவு அறுந்தது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும், அதுவும் தாய் 148/148, குஞ்சு 152/152 என்று இருவருமே ஒற்றை எண்ணாக வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் மாற்றம் இருந்தால் அந்த அல்லீல் பெருகாது, கண்ணுக்குத் தெரியாது. தாய் உண்மையில் 148-உம் மறைந்த ஒன்றும், குஞ்சு 152-உம் அதே மறைந்த ஒன்றும் கொண்டிருக்கலாம். வேறு இனத்தின் பிரைமரைக் கடன் வாங்கும் நமக்கு இந்தத் தொல்லை சாதாரணம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒற்றை எண்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக வந்தால் அந்த இடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கணினி நிரல்களில் பிழை வீதம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பூஜ்யமாக விடாதீர்கள்.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் பொருந்தவில்லை என்றால் பதிவேட்டுக்குப் போங்கள். பெண் மக்கர் முதலைகள் ஒரே மணல் மேட்டில் அடுத்தடுத்துக் குழி தோண்டும். பராமரிப்பில் இருக்கும் மக்கர் ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடுவதும் உண்டு, காப்பவர்களுக்கு இது தெரிந்ததே. குழிக்குப் பக்கத்தில் காவல் கிடக்கும் பெண்ணைத் தாய் என்று எழுதியிருப்பார்கள். அது நியாயமான ஊகம்தான், ஆனால் ஊகம். பதிவேட்டில் "கண்ணால் பார்த்தது", "இடத்தை வைத்து ஊகித்தது" என்று இரண்டு குறிகள் இருந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு எவ்வளவு உதவி!

இந்த இடத்தில் கீப்பரை உட்காரவைத்துப் பேசுங்கள். தாளில் இல்லாதது அவர் நினைவில் இருக்கும். "சார், அந்தப் பொட்டை மழைக்கு முன்னாடி வரைக்கும் அந்தாண்ட தொட்டியில இருந்துச்சு, சுவர் இடிஞ்சப்புறம்தான் இங்க மாத்துனோம்" என்று அவர் சொல்லும் ஒரு வரி, நீங்கள் சேர்த்து ஓட்ட நினைக்கும் ஐந்து மரபணு இடங்களுக்குச் சமம். அவர் சொன்னதைத் தேதி போட்டு அவர் பெயரிலேயே எழுதிவையுங்கள். அறிக்கையில் நன்றியோடு முடித்துவிடாமல் தரவாகச் சேருங்கள்.

மைக்ரோசிப் எண்ணையும் மறுபடி படியுங்கள். பதினைந்து இலக்கம். கடைசி நான்கை மட்டும் எழுதும் பழக்கம் இருக்கும் இடங்களில் இரண்டு பிராணிகள் ஒரே எண்ணாகிவிடும். பிராணியின் மேல் ஸ்கேனரை வைத்துப் படித்த எண்ணும் குழாயில் எழுதிய எண்ணும் பதிவேட்டு எண்ணும் மூன்றும் ஒன்றா என்று பார்த்த பிறகே மறு மாதிரிக்குச் செலவு செய்யுங்கள்.

எந்த ஆணும் தந்தையாகப் பொருந்தவில்லை

தாய் பொருந்துகிறது, அடைப்பில் இருக்கும் ஆண்கள் எல்லாம் விலகுகிறார்கள். பதற வேண்டாம், இதற்கு வரிசையாக மூன்று விளக்கங்கள் உண்டு.

முதலாவது, தந்தை இப்போது அங்கே இல்லை. பெண் ஆமைகள் விந்தணுவை உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். அமெரிக்கப் பெட்டி ஆமை, ஆணிடமிருந்து பிரித்து நான்கு ஆண்டுகள் ஆன பின்னும் கருவுள்ள முட்டையிட்டது பதிவாகியிருக்கிறது. பறிமுதலில் வந்த நட்சத்திர ஆமை உங்கள் மையத்தில் முட்டையிட்டால் தந்தை உங்கள் அடைப்பில் இருக்கிறான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவன் ஏதோ ஒரு கரட்டுக் காட்டில் இருக்கலாம். பெண் வந்து சேர்ந்த தேதிக்கு முன் அவளோடு இருந்த ஆண்கள், இறந்துபோனவை, வேறு பூங்காவுக்குப் போனவை எல்லாவற்றின் மாதிரியும் தேவை. இறந்த ஆணின் ஓடோ எலும்போ கிடைத்தால் அதுவும் உதவும்.

இரண்டாவது, தந்தை ஒருவரில்லை. ஒரே குழியின் குஞ்சுகளுக்குப் பல தந்தையர் இருப்பது முதலைக் குடும்பத்தில் சகஜம். லூசியானாவின் ராக்ஃபெல்லர் சரணாலயத்து அலிகேட்டர் கூடுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பல தந்தையர் கலந்திருந்ததாக 2001-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆகவே ஒரு குழிக்கு ஒரு குஞ்சு மட்டும் எடுத்து, அதை வைத்து மற்ற எல்லாவற்றுக்கும் தந்தை பெயர் எழுதுவது தவறு. ஒரு குழியின் குஞ்சுகளை மொத்தமாகப் பார்த்தால், தாயின் பங்கைக் கழித்த பிறகு ஓர் இடத்தில் இரண்டுக்கு மேல் தந்தைவழி அல்லீல்கள் மிஞ்சுகின்றனவா என்று எண்ணுங்கள். மிஞ்சினால் குறைந்தது இரண்டு ஆண்கள்.

மூன்றாவது அரிது. தந்தையே இல்லை. குஞ்சின் எல்லா அல்லீல்களும் தாயிடமிருந்து மட்டுமே வந்து, தாய் இரட்டை எண்ணாக இருக்கும் இடங்களில்கூடக் குஞ்சு ஏறக்குறைய எங்கும் ஒற்றை எண்ணாக இருந்தால், இது கன்னிப்பிறப்பாக இருக்கலாம். 2006-இல் இங்கிலாந்தின் செஸ்டர் பூங்காவில் ஃப்ளோரா என்ற கொமோடோ டிராகன் இப்படி முட்டையிட்டதை மரபணு உறுதிசெய்தது. கொமோடோவில் அப்படிப் பிறப்பவை எல்லாம் ஆண்களே. 2018-இல் கோஸ்டாரிகாவில் 16 ஆண்டுகளாகத் தனியே இருந்த அமெரிக்க முதலை ஒன்று முட்டையிட்டது, ஒன்றில் முழு உருவம் பெற்ற, ஆனால் உயிரில்லாத கரு இருந்தது. அது தாயின் டிஎன்ஏவோடு மட்டுமே பொருந்தியதாக 2023-இல் ஆய்வு வெளியானது. முதலைகளில் அது முதல் பதிவு. எனவே தனியாக இருக்கும் பெண் இடும் முட்டையைக் கூமுட்டை என்று எறியும் முன் ஒளியில் பிடித்துப் பார்க்கும்படி கீப்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா ஆணும் பொருந்துகிறது

இது நேர்மாறான சிக்கல். சில முட்டைக் குழிகளிலிருந்து தொடங்கிய பண்ணையில் ஆண்கள் எல்லாம் அண்ணன் தம்பிகள். அவர்களுக்குள் வேறுபாடு குறைவு. பத்து மரபணு இடங்கள் அந்நியர்களைப் பிரிக்கும், சகோதரர்களைப் பிரிக்காது. இடங்களைக் கூட்டுங்கள், அல்லது ஆயிரக்கணக்கில் ஒற்றை எழுத்து மாற்றங்களைப் படிக்கும் முறைக்குப் போங்கள். செலவு கூடும். அதுவரை "இன்ன ஆண்" என்று எழுதாமல் "இந்தக் குடும்பத்து ஆண்களில் ஒருவன்" என்று எழுதுங்கள். இனச்சேர்க்கைக்கு யாரை யாரோடு விடக் கூடாது என்று முடிவெடுக்க அதுவே போதும்.

இரண்டு ஆய்வகம், இரண்டு எண்

ஒன்று 150 என்கிறது, இன்னொன்று 152 என்கிறது. இயந்திரமும் சாயமும் மாறினால் அளவு ஓரிரு எழுத்து நகரும், யாரும் தவறு செய்யவில்லை. பொதுவான சில மாதிரிகளை இரண்டு இடத்திலும் ஓட்டி, வித்தியாசத்தைக் கண்டு சரிசெய்த பிறகே தரவுகளைச் சேருங்கள். செய்யாவிட்டால் நகர்வையே புதிய வம்சம் என்று நம்பிவிடுவோம்.

தாய்வழி டிஎன்ஏ ஓர் இனம் என்கிறது, உருவம் நம்ப மறுக்கிறது

உருவத்தையும் கேளுங்கள். மைட்டோகாண்ட்ரியா தாயைப் பற்றி மட்டும் பேசும். தந்தை வேறு இனமாக இருந்தாலும் அது வாய் திறக்காது. ஆகவே சைட்டோகுரோம் பி மட்டும் பார்த்துவிட்டு "தூய இனம்" என்று சான்றிதழ் எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உட்கருக் குறிகள் இல்லாமல் கலப்பு தெரியாது.

கலப்பு என்பது கற்பனைப் பயமில்லை. கம்போடியாவின் புனோம் தமாவ் மீட்பு மையத்தில் 69 முதலைகளை 2009-இல் சோதித்தபோது தூய சியாமிய முதலைகள் 35. அழிந்தே போயின என்று பலர் நினைத்திருந்த இனத்துக்கு அது பெரிய நற்செய்தி. மீதிப் பாதி கலப்பு என்பதும் அதே அறிக்கையில்தான் இருந்தது. கியூபா முதலையில் நிலைமை இன்னும் விசித்திரம். 2015-இல் வெளியான ஆய்வில் பண்ணையில் இருந்தவற்றைவிட இயற்கையில் இருந்தவற்றில்தான் அமெரிக்க முதலையோடு கலந்தவை அதிகம், ஏறக்குறைய பாதி. வெளியிலிருந்து வந்ததெல்லாம் தூயது, கூண்டில் இருப்பதெல்லாம் கலந்தது என்ற நினைப்பை அது உடைத்தது.

முதல் தலைமுறைக் கலப்பைச் சில குறிகளே காட்டிக்கொடுக்கும். கலப்பு தாய் இனத்தோடு மறுபடி மறுபடி சேர்ந்தால் தலைமுறைக்குத் தலைமுறை அடையாளம் மங்கும். இந்த இனத்தின் பங்கு 0.93 என்று நிரல் ஒரு விகிதம் தந்தால் அது தூய இனமா, கொள்ளுத்தாத்தா வேறு இனமா என்று சில குறிகளை வைத்துச் சொல்ல முடியாது. குறிகளைக் கூட்டுங்கள், இரண்டு தூய இனங்களின் ஐயமற்ற மாதிரிகளையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அதோடு, கலப்பு என்று தெரிந்தவுடன் பிராணியைக் கைகழுவ வேண்டாம். காலாபகோஸின் ஃப்ளோரியானா தீவு ஆமை அழிந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, அதன் வம்சம் வேறொரு தீவின் வுல்ஃப் எரிமலைச் சரிவில் வாழும் கலப்பு ஆமைகளின் உடலில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றை வைத்தே அந்த வம்சத்தை மீட்டெடுக்கும் இனப்பெருக்கத்தைத் தொடங்கினார்கள்.

எந்தக் காட்டு ஆமை என்று சொல்ல முடியவில்லை

நட்சத்திர ஆமைக்கு இந்தக் கேள்வி உயிர்க்கேள்வி. 2019 முதல் அது பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடித்துச் செல்லப்படுவதாக 2015-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த ஆமை வாழும் பகுதிகள் மூன்று: குஜராத், ராஜஸ்தானும் அதை ஒட்டிய பாகிஸ்தானும் ஒன்று, தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஒன்று, இலங்கை ஒன்று. நம் மாவட்டத்தின் ஆந்திர எல்லைப் புதர்க்காடுகள் இரண்டாவதில் சேரும். விமான நிலையத்தில் ஒரே பெட்டியில் பிடிபட்டவை ஒரே காட்டவை என்று கொள்ள முடியாது. வியாபாரி எங்கெங்கோ திரட்டியிருப்பான். ஓட்டின் நிறத்தையும் அளவையும் பார்த்து ஊர் சொல்வதும் கூடாது, வளர்ப்பில் தீனியே ஓட்டின் வடிவத்தை மாற்றிவிடும்.

முடிவு "தீர்மானிக்க இயலவில்லை" என்று வந்தால் கோளாறு உங்கள் ஆமையில் இல்லை, ஒப்பிடும் தொகுப்பில். எந்தக் காட்டின் மாதிரி தொகுப்பில் இல்லையோ, அந்தக் காட்டின் ஆமையை நிரல் அடுத்துள்ள காட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது பொய் சொல்வதில்லை, தெரிந்த ஊர்களில் அருகில் இருப்பதைச் சொல்கிறது. ஆகவே எத்தனை இடங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள், நம் பகுதியின் மாதிரி அதில் உண்டா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். ஹைதராபாத்தில் அழிந்துவரும் உயிரினங்களுக்கான லாகோன்ஸ் ஆய்வகமும், வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் இதைப் பேசத் தகுந்த இடங்கள். இந்தப் பக்கத்துப் புதர்க்காடுகளில், உரிய அனுமதியோடு, காட்டு ஆமைகளின் வாய் மாதிரி எடுத்துத் தொகுப்பில் சேர்ப்பது இப்போதே செய்யத்தக்க வேலை. இங்குள்ள கல்லூரி விலங்கியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எனக்குத் தோன்றவில்லை. கிளம்பும்போது தடம் அறிந்த இருளர் பெரியவர் ஒருவரை உரிய ஊதியத்தோடு கூட அழைத்துச் செல்லுங்கள்.

வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலைகள் கிடந்தன என்று ஊரில் சொல்வார்கள். பண்ணை முதலைகள் அவற்றின் வாரிசா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு, நல்ல கேள்வி. அன்றைய முதலையின் எலும்போ பல்லோ ஒன்றாவது கிடைத்தால் ஒழிய விடை இல்லை. 2019-இல் ஃபெர்னாண்டினா தீவில் கிடைத்த ஒற்றைப் பெண் ஆமை அந்தத் தீவின் பழைய இனம்தான் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், 1906-இல் சேகரித்த ஓர் ஆமை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. உங்கள் கல்லூரி அலமாரியில் ஊரும் ஆண்டும் எழுதிய பழைய மண்டையோடு, காய்ந்த ஓடு இருந்தால் தூசி தட்டி வையுங்கள், வார்னிஷ் மட்டும் பூசாதீர்கள்.

ஊர் உறுதியாகத் தெரியாத ஆமையை அருகிலுள்ள காட்டில் விட்டுவிடலாம் என்ற அவசரம் வேண்டாம். நோயும் கூடப் போகும், வேற்று வம்சமும் கலக்கும், கலந்த பின் பிரிக்க முடியாது.

டிஎன்ஏவில் ஆணா பெண்ணா தெரியவில்லை

தெரியாது. மறுசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். முதலைகளுக்கும் நட்சத்திர ஆமைக்கும் பால் குரோமோசோம் இல்லை, முட்டை அடைகிடந்த வெப்பம்தான் பாலை முடிவு செய்கிறது. மக்கர் முட்டையை 28 முதல் 31 டிகிரியில் வைத்தால் பெண், 32.5-ஐ ஒட்டி ஆண். பொரிப்பானின் வெப்பக் குறிப்பைத் தேடுங்கள், அல்லது வளர்ந்த பின் மருத்துவர் உடலைப் பார்த்துச் சொல்லட்டும். கொமோடோவுக்கும் பாம்புகளுக்கும் பால் குரோமோசோம் உண்டு, அங்கே டிஎன்ஏ உதவும்.

மறு மாதிரி எடுக்கத்தான் வேண்டும் என்றால்

அனுமதி முதலில். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஊசி எடுக்கக் கூடாது. மாதிரி வெளிநாடு போவதாக இருந்தால் சைட்டிஸ் தாளும் வேண்டும், ஒரு சொட்டு ரத்தமானாலும். வீட்டில் யாரேனும் நட்சத்திர ஆமை வைத்திருந்து உங்களிடம் வம்சம் கேட்டு வந்தால் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

பிராணியை ஒரே தடவைதான் பிடிக்க முடியும் என்று எண்ணித் தயாராகுங்கள். காலை வெயில் ஏறுமுன் முடியுங்கள். ரத்தம் ஒரு சொட்டு எத்தனாலில், செதிள் அல்லது வாய் மாதிரி வேறொரு குழாயில், இரண்டிலும் உள்ளே பென்சில் சீட்டு. ஸ்கேனரை மைக்ரோசிப் மேல் வைத்து எண்ணைக் கீப்பர் உரக்கப் படிக்க, நீங்கள் எழுத, எழுதியதை அவர் திரும்பப் பார்க்கட்டும். ஒரு செட் ஆய்வகத்துக்கு, மறு செட் உங்கள் அலமாரியில். அலமாரியில் வைத்த குழாய்களில் எத்தனால் ஆவியாகிக் குறைகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்குமுன், திறந்து பார்த்து நிரப்புங்கள்.